விலங்கு ஜோடி சேர்க்கும் பிரவுசர் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசரில் திறந்ததும் பூனை, நாய், பென்குயின், பாண்டா என்று வட்ட முகங்கள் உள்ள சின்னக் கட்டைகள் (டைல்கள்) வரிசை வரிசையாக நிற்கும். ஒரே மாதிரி இரண்டைக் கிளிக் செய்தால் நடுவில் ஒரு கோடு ஓடி, இரண்டும் மறையும். ட்ரீம் பெட் லிங்க், ஓனெட் போன்ற பெயர்களில் கிடைக்கும் இந்த வகை விளையாட்டைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள் உள்ளன.

ஒரே மாதிரி இரண்டு பூனையைக் கிளிக் செய்தும் ஏன் மறையவில்லை?

படம் ஒத்துப்போனால் மட்டும் போதாது, இரண்டுக்கும் நடுவே வழியும் இருக்க வேண்டும். அந்த வழி காலியான கட்டங்கள் வழியாக மட்டுமே போகலாம். மேல், கீழ், இடம், வலம் தவிரக் குறுக்காகப் போகாது. அதிகபட்சம் இரண்டு முறை திரும்பலாம், அதாவது மொத்தம் மூன்று நேர்கோடுகள். மூன்றாவது முறை திரும்ப வேண்டியிருந்தால் அந்த ஜோடி சேராது.

ஒட்டி நிற்கும் இரண்டு டைலுக்குத் திருப்பமே தேவையில்லை. குறுக்காகத் தொட்டு நிற்கும் இரண்டுக்கு ஒரு திருப்பம் தேவை. அதற்கு மற்ற இரு மூலைகளில் ஏதாவது ஒன்று காலியாக இருக்க வேண்டும். புதிதாக விளையாடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்திலேயே இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இரண்டு மூலையும் அடைந்திருக்கும்.

கோடு பலகைக்கு வெளியே போகலாமா?

பெரும்பாலான தளங்களில் போகலாம். பலகையைச் சுற்றி ஒரு கட்ட அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத காலிப் பாதை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையின் இரு கோடிகளில் இரண்டு யானை இருந்தால் கோடு மேலே ஏறி, பக்கவாட்டில் ஓடி, கீழே இறங்கும். இரண்டே திருப்பம். அதனால் ஒரே ஓரத்தில் உள்ள ஒரே மாதிரி டைல்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் சேரும்.

சில தளங்கள் இந்த வெளிப்பாதையை அனுமதிப்பதில்லை. முதல் நகர்த்தலிலேயே சோதித்துவிடலாம்: ஒரே ஓரத்தில் ஒட்டாமல் இருக்கும் ஒரு ஜோடியைக் கிளிக் செய்து பாருங்கள். சேரவில்லை என்றால் அங்கே உத்தியே வேறு. ஒட்டி நிற்கும் ஜோடிகளை வைத்து நடுவிலிருந்து இடம் திறந்துகொண்டு வர வேண்டும்.

மேல் ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. இது சேருமா?

வெளிப்பாதை வழியாகச் சேராது. மேலே ஏறி, வலப்பக்கம் ஓடி, கீழே இறங்கி, இடப்பக்கம் உள்ளே வர வேண்டும். மூன்று திருப்பம் ஆகிவிடும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் என்றால் நான்கு திருப்பம்.

ஆனால் மூலையில் நிற்கும் டைல் இரண்டு ஓரத்துக்கும் சொந்தம். வலது மேல் மூலையில் ஒரு முயல் இருந்தால், மேல் வரிசையில் உள்ள எந்த முயலோடும் வலது ஓரத்தில் உள்ள எந்த முயலோடும் அது சேரும். நான்கு மூலைகளிலும் எந்த விலங்கு நிற்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனதில் பதித்துக்கொள்வது மிகவும் பயன்படும்.

இதையே கொஞ்சம் விரித்துப் பார்த்தால் விளையாட்டின் சாவி கிடைத்துவிடும். ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒரு டைலிலிருந்து நேராக மேலே வெளிவரை காலியாக இருந்தால் அது மேல்பக்கம் திறந்த டைல். அப்படி மேல்பக்கம் திறந்த எந்த ஒரே மாதிரி இரண்டும் கட்டாயம் சேரும். இடம், வலம், கீழ் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கோட்டை மனதில் வளைத்து வளைத்துப் பார்ப்பதற்குப் பதில் "இது எந்தப் பக்கம் திறந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் வேகம் தானாக வரும்.

ஒரு விலங்கு எத்தனை முறை வரும்?

தளத்துக்குத் தளம் மாறும், ஆனால் நான்கு என்பதே பரவலான கணக்கு. 16 நிரல், 9 வரிசை என்று 144 டைல் உள்ள பலகையில் ஒவ்வொன்றும் நான்கு முறை வந்தால் 36 வகை.  சீனக் கட்டை விளையாட்டான மாஜாங்கின் முழுத் தொகுப்பிலும் 144 கட்டைகள் உண்டு. இந்த விளையாட்டின் ஜப்பானிய மூத்த வடிவமான ஷிசென்ஷோவில் மாஜாங் கட்டைகளைத்தான் அடுக்குவார்கள், அதே இரண்டு திருப்ப விதிதான். மாஜாங் குறிகளுக்குப் பதிலாக விலங்கு முகங்கள் வந்தபின் குழந்தைகளுக்கும் எளிதாகிவிட்டது.

நான்கு இருக்கிறதே, எந்த இரண்டை முதலில் எடுப்பது?

கண்ணில் பட்டதை எடுப்பதா, யோசித்து எடுப்பதா என்பதில்தான் தோல்வியும் வெற்றியும் பிரிகின்றன. நான்கும் இப்போதே இரண்டு ஜோடியாகச் சேரும் என்றால் யோசிக்கவே வேண்டாம், நான்கையும் எடுத்துவிடுங்கள். மூன்று மட்டும் எட்டும் நிலையில் இருந்தால், அடைபட்டிருக்கும் நான்காவதைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் திறக்க வாய்ப்பு அதிகமோ, அந்தப் பக்கத்தில் இருப்பதை அதற்குத் துணையாக விட்டுவைத்து மற்ற இரண்டை எடுங்கள்.

இன்னொரு அளவுகோல்: எடுத்தால் பின்னால் எது திறக்கும் என்பது. மூலைக்கு உள்ளே அடைந்திருக்கும் ஒன்றை விடுவிக்கும் ஜோடி, ஏற்கெனவே காலியான இடத்தின் நடுவே தனியாக நிற்கும் ஜோடியைவிட மதிப்பானது. தனியாக நிற்பது எங்கும் ஓடிவிடாது.

கடைசியில் நான்கே டைல் மிச்சம், எல்லாம் காலியாக இருந்தும் சேரவில்லை. இது பிழையா?

பிழை இல்லை. இந்த விளையாட்டின் மிகப் பிரபலமான பூட்டு இது. இப்படி நிற்கும்:

பூனை – நாய்
நாய் – பூனை

இடது மேல் பூனைக்கு வலப்பக்கமும் கீழும் நாய். அது வெளியேறக்கூடியது மேலே அல்லது இடப்பக்கம் மட்டும். வலது கீழ் பூனைக்குள் நுழையக்கூடியது கீழிருந்து அல்லது வலப்பக்கத்திலிருந்து மட்டும். மேலே ஏறி, வலப்பக்கம் இரண்டு கட்டம் போய், ஒரு வரிசை கடந்து இறங்கி, இடப்பக்கம் உள்ளே வந்தால் மூன்று திருப்பம். இடப்பக்கம் புறப்பட்டாலும் அதே கதிதான். நாய்களுக்கும் இதே நிலை. சுற்றிலும் எவ்வளவு காலி இருந்தாலும் இது திறக்காது.

நான்கும் ஒட்டியிருப்பதுதான் பிரச்சினையே. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே ஒரே ஒரு காலி வரிசை இருந்திருந்தால் போதும்: பூனை ஒரு கட்டம் இறங்கி, பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து, மறுபடி இறங்கித் துணையைத் தொட்டுவிடும்.

இந்த வடிவம் கடைசியில் திடீரென்று உருவாவதில்லை. டைல்கள் நகராத லெவலில் இது தொடக்கத்திலிருந்தே பலகையில் எங்கோ இருக்கிறது. அதனால் லெவல் ஆரம்பித்த முதல் சில விநாடிகளில் இந்தக் குறுக்கு நான்கைத் தேடுங்கள். கண்டால், அந்தப் பூனைகளின் மற்ற இரண்டு பிரதிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடக் கூடாது. வெளியே இருக்கும் பூனை ஒன்றை உள்ளே இருக்கும் பூனை ஒன்றோடு சேருங்கள். நான்கில் ஒன்று போனாலே பூட்டு உடைந்துவிடும். அந்தக் காலி மூலை வழியாக இரண்டு நாயும் ஒரே திருப்பத்தில் சேரும். மீதிப் பூனைக்கு வெளியே இன்னொரு பூனை காத்திருக்கிறது. பூனைக்குப் பதில் நாயில் இதைச் செய்தாலும் சரி.

ஒட்டி நிற்கும் ஜோடியை உடனே எடுக்க வேண்டுமா?

டைல்கள் நகராத லெவலில் அவசரமில்லை. கலைக்காதவரை ஒட்டிய ஜோடி ஒட்டியேதான் இருக்கும். அதை எடுப்பதால் வேறொன்றுக்கு வழி திறந்தால் எடுங்கள். டைல்கள் நகரும் லெவலில் நிலைமை வேறு, அது அடுத்த பதிலில்.

இரண்டாவது லெவலில் டைல்கள் கீழே சரிகின்றன. எப்படிச் சமாளிப்பது?

லெவல் ஏற ஏற, ஒரு ஜோடி மறைந்ததும் மற்றவை நகர ஆரம்பிக்கும். கீழே விழும், மேலே ஏறும், இடமோ வலமோ ஒதுங்கும், நடுவை நோக்கிக் கூடும், நடுவிலிருந்து இரண்டாகப் பிரியும். எந்த லெவலில் எது என்பது தளத்தைப் பொறுத்தது. முதல் ஜோடியை எடுத்ததும் இரண்டு விநாடி கையை நிறுத்தி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கீழே சரியும் லெவலை எடுத்துக்கொள்வோம். இங்கே பலகையின் உள்ளே ஓட்டையே நிற்காது, காலி இடமெல்லாம் மேலே போய்ச் சேரும். ஆகவே உள்வழியாகக் கோடு போகும் வாய்ப்பு குறைகிறது. அதற்கு ஈடாக ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: ஒவ்வொரு நிரலின் உச்சியில் இருக்கும் டைலும் எப்போதும் மேல்பக்கம் திறந்தது. எந்த இரண்டு உச்சிகளில் ஒரே விலங்கு இருந்தாலும் அது நிச்சயம் சேரும், நிரல்களின் உயரம் எப்படி இருந்தாலும் சரி. அதனால் கண்ணை உச்சிகளின் மேல் இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். பிறகு கீழ் வரிசை, பிறகு இரு பக்க ஓரங்கள்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். உச்சியில் எடுத்தால் வேறு எதுவும் அசையாது. அடியில் எடுத்தால் அந்த நிரல் முழுவதும் ஒரு கட்டம் இறங்கும், மனதில் குறித்துவைத்த ஜோடிகள் கலைந்துபோகும். எனவே உச்சி ஜோடிகள் கிடைக்கும்வரை அவற்றையே எடுங்கள். தீர்ந்ததும், வேண்டுமென்றே அடியில் ஒன்றை எடுத்து நிரலை இறக்குங்கள். நிலைமை மாறிப் புது ஒட்டு ஜோடிகள் பிறக்கும்.

ஒட்டிய ஜோடியிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிரலில் ஒட்டியிருப்பது பிரியாது, சேர்ந்தேதான் இறங்கும். பக்கத்துப் பக்கத்து நிரல்களில் ஒட்டியிருப்பது, ஒரு நிரல் மட்டும் இறங்கினால் பிரிந்துவிடும். ஆகவே பக்கவாட்டு ஜோடியை முதலில் எடுங்கள், மேல்கீழ் ஜோடி பொறுத்திருக்கும். இடம் அல்லது வலம் ஒதுங்கும் லெவலில் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

முன்னே சொன்ன குறுக்குப் பூட்டு சரியும் லெவலில் புதிதாகவும் உருவாகும், ஏனென்றால் நடுவே இருக்கும் காலி வரிசையை விளையாட்டே மூடிவிடுகிறது. கடைசி எட்டு டைல் வந்ததும் வேகத்தை விட்டுவிட்டு, அடுத்த ஜோடி போனால் எது எங்கே விழும் என்று பார்த்து எடுங்கள்.

ஷஃபிளை எப்போது பயன்படுத்துவது?

ஷஃபிள் என்பது மிச்சமுள்ள டைல்களைக் கலைத்துப் போடும் பொத்தான். ஜோடி கண்ணில் படவில்லை என்பதற்காக ஷஃபிள் செய்யாதீர்கள். ஜோடி இல்லவே இல்லை என்றால் மட்டும் செய்யுங்கள். பல தளங்களில் நகர்த்தலே இல்லாத நிலை வந்தால் விளையாட்டு தானாகவே கலைத்துப் போட்டுவிடும், அதற்கு உங்கள் கையிருப்பிலிருந்து ஒன்று கழியும்.

கடைசிக்கு ஒன்றாவது மிச்சம் வைப்பது ஏன் என்பதற்குச் சின்ன கணக்கு. இரண்டு பூனை, இரண்டு நாய் நான்கு கட்டத்தில் நிற்க ஆறு விதம் உண்டு. அதில் குறுக்காக நின்று பூட்டிக்கொள்பவை இரண்டு. ஆக, கலைத்தால் மூன்றில் இரண்டு பங்கு தப்பிக்க வாய்ப்பு. இரண்டு ஷஃபிள் மிச்சம் இருந்தால் ஒன்பதில் எட்டு. கையில் ஒன்றும் இல்லை என்றால் அந்த லெவல் அங்கேயே முடிந்தது.

ஹின்ட் காட்டும் ஜோடி நல்ல ஜோடிதானா?

ஹின்ட் என்பது சேரக்கூடிய ஒரு ஜோடியைக் காட்டும் பொத்தான். அது காட்டுவது நல்ல ஜோடி என்று நம்ப வேண்டாம். பொதுவாக விளையாட்டின் புரோகிராம், பலகையை ஒரு மூலையிலிருந்து வரிசையாகத் தேடி, முதலில் சேரும் இரண்டைக் காட்டும். அதை எடுத்தால் பின்னால் அடைபடுமா என்று அது யோசிப்பதில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஒன்றும் புலப்படாதபோது மட்டும் ஹின்ட் கேளுங்கள். காட்டிய ஜோடியின் மற்ற இரண்டு பிரதிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுங்கள்.

எல்லாப் பலகையையும் முடிக்க முடியுமா?

ஷஃபிள் இல்லாமல் முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டைல்களைக் கண்மூடித்தனமாகக் கலந்து போடும் விளையாட்டில் முடிக்கவே முடியாத பலகையும் வரலாம். சில விளையாட்டுகள் முடிவிலிருந்து பின்னோக்கி ஜோடி ஜோடியாக வைத்துப் பலகையை அமைக்கும். அவற்றுக்கு ஒரு விடையாவது நிச்சயம் உண்டு.

நேரம் போதவில்லை. கண்ணை எப்படிப் பழக்குவது?

பலகை முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் எதுவும் பதியாது. அடையாளம் பளிச்சென்று தெரியும் ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு அதன் நான்கு பிரதிகளையும் தேடுங்கள், பிறகு அடுத்தது. கோழிக்குஞ்சின் மஞ்சள், தவளையின் பச்சை, பன்றியின் இளஞ்சிவப்பு எல்லாம் முதல் சுற்றிலேயே முடிய வேண்டும். பாண்டா, கோலா, கரடி, எலி போன்ற வட்டக்காது கூட்டம்தான் நேரத்தை விழுங்கும். அவற்றில் நிறத்தைப் பார்க்காமல் காதையும் மூக்கையும் பாருங்கள். கோலாவுக்குப் பெரிய கருமூக்கு, பாண்டாவுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

திரை அமைப்பும் நேரத்தைத் தின்னும். இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பு இளஞ்சிவப்பையும் ஆரஞ்சையும் ஒன்றுபோலக் காட்டும், விளையாடும்போது அணைத்துவிடுங்கள். பக்கங்களைக் கறுப்பாக்கும் டார்க் மோட் எக்ஸ்டென்ஷன் இருந்தால் இந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். சிவப்பு பச்சை பிரித்தறியச் சிரமம் உள்ளவர்கள் வடிவ வேறுபாடு தெளிவாக உள்ள படத்தொகுப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சில விளையாட்டுகளில் படத்தொகுப்பை மாற்றும் வசதி உண்டு.

ஒன்றைக் கிளிக் செய்தால் பக்கத்து டைல் தேர்வாகிறது. ஏன்?

பக்கத்தின் ஜூமை மாற்றியிருப்பீர்கள். சில பழைய விளையாட்டுகள் மவுஸ் நிற்கும் இடத்தைக் கணக்கிடும்போது ஜூமைக் கவனிப்பதில்லை. கன்ட்ரோலும் 0-வும் சேர்த்து அழுத்தினால் 100 சதவீதத்துக்குத் திரும்பிவிடும். படம் பெரிதாக வேண்டும் என்றால் விளையாட்டின் முழுத்திரைப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். எதையும் மாற்றாமலேயே இப்படி ஆகிறது என்றால் பக்கத்தை மறுபடி லோடு செய்யுங்கள். விளையாட்டு தொடங்கியபின் ஜன்னலின் அளவு மாறியிருக்கலாம்.

ஃபோனில் விளையாடலாமா?

லோடு ஆகும், விளையாடவும் முடியும், ஆனால் 16 நிரல் பலகைக்கு ஃபோன் சிறியது. சுமார் 7 செ.மீ. அகலமுள்ள ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு டைலுக்கு 4 மி.மீ.தான் கிடைக்கும். படுக்கவைத்துப் பிடித்தால் ஏறத்தாழ 6 மி.மீ. ஆகும். விரல்நுனி அதைவிட அகலம். சின்னப் பலகை உள்ள லெவலுக்கு ஃபோன், பெரிய பலகைக்கு டேப்லெட் அல்லது கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு டேபுக்குப் போனால் நேரம் ஓடுமா?

சில விளையாட்டுகளில் நிற்கும், சிலவற்றில் ஓடும். பின்னணியில் இருக்கும் டேபுக்கு பிரவுசர் படம் வரைய இடம் தருவதில்லை. நேரத்தைப் படச்சட்டங்களோடு சேர்த்து எண்ணும் விளையாட்டு அப்படியே நின்றுவிடும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணும் விளையாட்டு, நீங்கள் திரும்பி வரும்போது போன நேரம் முழுவதையும் கழித்துக் காட்டும். பாஸ் பொத்தானை அழுத்திவிட்டுப் போவதே நல்லது. பாஸில் பெரும்பாலும் பலகை மறைக்கப்படும், நேரத்தை நிறுத்திவைத்து ஜோடி தேட முடியாது.

முதலில் சத்தமே வரவில்லை, ஒரு கிளிக்குக்குப் பிறகு வருகிறது?

அது பிரவுசரின் விதி. பயனர் தொடும்வரை பக்கங்கள் தாமாக ஒலி எழுப்புவதை குரோம் 2018-லிருந்து தடுக்கிறது, மற்ற பிரவுசர்களிலும் இதே போன்ற தடை உண்டு.

நேற்று பத்தாவது லெவலில் விட்டேன், இன்று முதலிலிருந்து தொடங்குகிறது. ஏன்?

கணக்குத் திறக்காமல் விளையாடும் தளங்களில் உங்கள் லெவல் சர்வரில் இல்லை, உங்கள் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. இன்காக்னிட்டோ (தடம் சேமிக்காத) ஜன்னலை மூடினால் அது போய்விடும். குக்கீகளையும் தளத் தரவையும் அழித்தாலும் போய்விடும். குரோமில் சேமித்தது ஃபயர்ஃபாக்ஸில் தெரியாது.

இன்னும் இரண்டு காரணங்கள் பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டு, நீங்கள் திறந்த பக்கத்துக்குள் வேறொரு தளத்திலிருந்து பதிக்கப்பட்டிருக்கலாம். மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது இப்படிப் பதிக்கப்பட்ட வேறு தளங்கள் சேமிப்பதை, பிரவுசரில் தடுத்திருந்தால் அதனால் சேமிக்க முடியாமல் போகும். அடுத்தது சஃபாரி: ஒரு தளத்தை நீங்கள் தொடாமல், சஃபாரியை 7 நாள் பயன்படுத்திவிட்டால் அந்தத் தளம் சேமித்ததை அது அழித்துவிடும். 2020-லிருந்து இந்த விதி இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது திறந்து ஒரு ஜோடி எடுத்தால் லெவல் தங்கும்.

விளையாட்டு தொடங்கும் முன் அறிவிப்புக்கு அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். ஜோடி சேர்க்க அறிவிப்பு அனுமதியும் தேவையில்லை, இருப்பிடமும் தேவையில்லை. "பிளே" என்று பெரிய பொத்தானோடு பலகைக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் விளம்பரம். உண்மையான பொத்தான் விளையாட்டுச் சட்டத்துக்குள்தான் இருக்கும். எதையாவது டவுன்லோடு செய்யவோ எக்ஸ்டென்ஷன் சேர்க்கவோ சொன்னால் டேபை மூடிவிடுங்கள். குழந்தையிடம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை நீங்களே திறந்து பார்த்துவிட வேண்டும்.

தெரியாமல் அனுமதி கொடுத்திருந்தால், முகவரிக்குப் பக்கத்தில் உள்ள தள அமைப்புக் குறியைத் தொட்டு, அறிவிப்பை "தடு" என்று மாற்றுங்கள். அதோடு வருவது நின்றுவிடும்.

முன்பு விளையாடிய பழைய தளம் இப்போது வெற்றுச் சாம்பல் பெட்டியைக் காட்டுகிறதே?

அது பெரும்பாலும் ஃபிளாஷ் என்ற பழைய பிரவுசர் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டதாக இருக்கும். அதை உருவாக்கி வந்த அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் ஆதரவை முடித்து, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்புகள் ஓடுவதையே தடுத்துவிட்டது. "ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்" என்று இன்றும் ஏதாவது பக்கம் சொன்னால் அது மோசடி. பல விளையாட்டுகள் இன்றைய பிரவுசர்களில் நேரடியாக ஓடும் ஹெச்டிஎம்எல் 5-க்கு மாற்றி எழுதப்பட்டுவிட்டன, அதே பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். மாற்றி எழுதப்படாதவற்றுக்கு ஃபிளாஷ் இல்லாமலேயே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற இலவசத் திறமூல எமுலேட்டர் இருக்கிறது. சில தளங்கள் அதைத் தாங்களே இணைத்திருக்கின்றன, இல்லாவிட்டால் பிரவுசர் எக்ஸ்டென்ஷனாகவும் போட்டுக்கொள்ளலாம். பழைய பலகை பெரும்பாலும் அப்படியே திறக்கும், ஆனால் முன்பு சேமித்திருந்த லெவல் தானாகத் திரும்ப வராது.